மிளகாய்க் காம்பும் இரண்டாவது பெயரும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தெரிந்த தவறு: மிளகாய் யார்டுப் பெண்களின் இருமலைப் பற்றிய சுமங்கலா மேடத்தின் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது, தொடர்பு முகவரி கேட்ட கட்டத்தில் அவருடைய மின்னஞ்சலைப் போடாமல் துறைத்தலைவருடையதைப் போட்டிருக்கிறேன். போட்டது நவம்பர் நான்காம் தேதி. சின்னத் தவறுதான். எண்ணிப் பார்த்தால் முப்பது எழுத்துகள் இருக்கும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்குப் பின்னால் ஆய்வு வெளியீட்டு உதவிப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. நான்தான் அந்தப் பிரிவு. இன்னொரு மேசையில் பிரிண்டர் இருக்கிறது. ஆசிரியர்கள் கட்டுரையோடு வருவார்கள். மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பேன். எது நல்ல இதழ், எது காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ் என்று சொல்வேன். இணையப் படிவத்தை நிரப்புவேன். கட்டுரை வெளியானதும் தார்வாடு பத்திரிகைகளுக்கு அரைப்பக்கக் குறிப்பு எழுதி அனுப்புவேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை நூலக அறிவியல் வகுப்பு.

சுற்றுச்சூழல் அறிவியல் துறைத்தலைவர் நாடகௌடா சார்தான் எங்கள் பிரிவுக்கும் இயக்குநர். அந்தத் துறையிலிருந்து போகிற கட்டுரை யாருடையதாக இருந்தாலும் தொடர்பு முகவரி அவருடையதாக இருக்க வேண்டும் என்பது நான்கு வருடத்து வழக்கம். "நம்ம ஆளுங்க மெயிலைத் தொறக்கறதே மாசத்துக்கு ஒரு தடவை" என்று சார் சொல்லி ஆரம்பித்தது. அங்கே பாடம் நடத்துகிற சுமங்கலா மேடம் மட்டும், "கஸ்தூரி, இதுக்கு என் முகவரியே இருக்கட்டும்" என்று தனியாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். அதற்கு முன் ஒன்பது கட்டுரைக்குப் போட்ட கை, பத்தாவதுக்கும் தானாகப் போட்டுவிட்டது. ஜனவரியில் இதழின் கேள்விகள் சார் வழியாக வந்தபோதும், துறைக்கு ஒரு நகல் போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

இன்று பதினொரு மணிக்கு சார் கூப்பிட்டார்.

"வாம்மா கஸ்தூரி, உக்காரு. சுமங்கலா மேடம் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. அச்சுப்படி வந்திருக்கு. ரெண்டு சின்ன திருத்தம் போட்டிருக்கேன். இன்னைக்கே அனுப்பிடு."

தாளை வாங்கினேன். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். சுமங்கலா கடகோள், நீலவ்வா தளவார். சிவப்பு மையில் மேலே சாருடைய பெயர் ஏறியிருந்தது. நீலவ்வாவின் பெயர்மேல் ஒரு கோடு. கோட்டிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பிக் கடைசிப் பக்கத்து நன்றியுரைக்குப் போனது.

"சார், இது பெயர் மாத்தற மாதிரி இருக்கே?"

"மாதிரி என்ன, மாத்தறதுதான். தூசி பிடிக்கற கருவி யாரு வாங்கிக் குடுத்தா? மிளகாய் யார்டுக்குப் போக லெட்டர்ல யாரு கையெழுத்துப் போட்டா? எல்லாம் நான்தானே. அப்புறம் அந்தப் பொம்பளை. நாலாங்கிளாஸ் படிச்ச காம்பு கிள்ற ஆளு பேரை ஆசிரியர்னு போட்டா வெளிநாட்டுக்காரன் நம்ம துறையைப் பத்தி என்ன நினைப்பான்?"

"மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"உன் அறை வாசல்ல என்ன எழுதியிருக்கு? உதவிப் பிரிவுன்னுதானே? உதவி பண்ணும்மா."

நான் அனுப்பிவிட்டேன். மதியம் இரண்டு பத்துக்கு. இது இரண்டாவது தவறு. இதைச் சின்னது என்று எழுத முடியாது.

பிப்ரவரி 12, புதன்

தவறு: சொல்ல வேண்டியதை மாவு மில்லில் வைத்துச் சொன்னது.

நான் குடியிருப்பது சுமங்கலா மேடம் வீட்டு மாடியில். கீழே முன்பகுதி அவர் கணவர் சிவயோகி அண்ணாவின் மாவு மில். காலை ஆறரைக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தால் என் அறையில் தண்ணீர்ச் செம்பு மேசையில் நகரும். வீட்டில் அவரை அக்கா என்பேன், அலுவலகத்தில் மேடம். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்று தினமும் ஒரு பயம்.

காலையில் ஏழு பேர் சோளத்தோடு வரிசையில் நின்றார்கள். அக்கா கல்லாப்பெட்டி ஓரத்தில் நின்று டப்பாக்களில் சாக்கட்டியால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் கேட்கும்.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்!"

"என்ன?"

"கட்டுரையில! முகவரி!"

"யாரு முகவரி?"

"நாடகௌடா சார் முகவரியைப் போட்டுட்டேன்! அவரு உங்களுக்கு மேல தன் பேரைப் போட்டு நீலவ்வா பேரை அடிச்சுட்டாரு!"

இந்தக் கடைசி வாக்கியத்தின் நடுவில் சிவயோகி அண்ணா இயந்திரத்தை நிறுத்தினார். ஏழு பேரும் திரும்பினார்கள். எதிர்வீட்டு கங்கவ்வா சோளக் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "யாரு பேரை யாரு அடிச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் விஷயம்" என்றார் அக்கா.

"ஆபீஸ் விஷயமா? எங்க தறிக்காரச் சங்கத்துலயும் இதேதான். நெய்யறது ஒருத்தி, மேடையில மாலை வாங்கறது ஒருத்தன். என் சோளத்தைக் கொஞ்சம் நைசாப் போடு சிவயோகி."

அக்கா சாக்கட்டியைக் கல்லாப்பெட்டியின்மேல் வைத்தார். உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். "மெயிலைக் காட்டு" என்றார்.

இதழிலிருந்து பதில் வந்திருந்தது. ஆசிரியர் பெயரில் மாற்றம் என்றால் எல்லா ஆசிரியரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதுவரை அச்சை நிறுத்தி வைக்கிறோம்.

"இருபதாம் தேதி" என்றார் அக்கா.

பிப்ரவரி இருபது அவருடைய பதவி உயர்வுக் கோப்புக்குக் கடைசி நாள். இணைப் பேராசிரியர் பதவிக்கு மூன்றாவது தடவையாக விண்ணப்பிக்கிறார். இந்தக் கட்டுரை இருந்தால்தான் புள்ளி தேறும். கோப்பு துறைத்தலைவரின் கையெழுத்தோடு போக வேண்டும். இந்தத் தடவை விட்டால் அடுத்த அறிவிப்பு எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கோப்புக்குப் பக்க எண் போட்டவளே நான்தான்.

"திட்டுங்க அக்கா" என்றேன்.

"திட்டறதுக்கு நேரமிருக்கு. முதல்ல சாப்பிடு. ஆபீஸுக்குப் போறப்ப வெறும் வயித்தோட போகாதே."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் கீழே கூப்பிட்டார்கள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி. சிவயோகி அண்ணா ரொட்டியை விண்டு வைத்துக்கொண்டு வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார்.

"சுமா, ஒண்ணு கேட்டா கோவப்படக்கூடாது."

"கோவப்படற மாதிரி கேக்கப்போறீங்களா?"

"பேரு தானே. அவரு பேரும் இருந்துட்டுப் போகட்டுமே. ரெண்டு வருஷத்துல அவரு ரிட்டயர் ஆயிடுவாரு. நீ இணைப் பேராசிரியரா இருப்பே."

"அவரு பேரு சேர்றது ஒண்ணு. நீலவ்வா பேரு போறது?"

"நீலவ்வாவுக்கு அது தெரியவா போகுது? அவ அந்த இதழை வாங்கிப் படிக்கப்போறாளா?"

அக்கா கத்தரிக்காயைப் பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றது.

"மூணு வருஷம் நான் மிளகாயோட காரத்தை அளந்துக்கிட்டிருந்தேன். காரம் ஏறினா இருமல் ஏறும்னு எழுதி வெச்சிருந்தேன். எல்லாம் தப்பு. 'டீச்சர், இது காரம் இல்ல. தண்ணி தெளிச்ச மூட்டையைப் பிரிக்கற அன்னைக்குத்தான் நெஞ்சு அடைக்குது'ன்னு சொன்னவ அவ. அதுக்கப்புறம்தான் நான் பூஞ்சையைத் தேடினேன். கட்டுரையே அவ சொன்ன அந்த ஒரு பேச்சுதான். மத்ததெல்லாம் நான் போட்ட கணக்கு."

"நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா சுமா, உலகம் அப்படி இருக்கே."

"உலகம்னா யாரு? நாடகௌடா சாரா?"

அண்ணா ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டார். "காரம் கம்மியா இருக்கு" என்றார். கத்தரிக்காயில் காரம் சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

தவறு: கைக்குட்டை எடுத்துப் போகவில்லை. மூன்றாவது தடவையாக.

நீலவ்வாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அக்கா கிளம்பினார். நானும் போனேன். ஹாவேரியில் பஸ் மாறி, கெஞ்சனகட்டி இறங்குவதற்கு முன்பே மூக்கு தெரிந்துகொண்டது. யார்டு வாசலில் இருந்தே தரை சிவப்பு. வெயில் இன்னும் முழுசாக ஏறவில்லை, காற்று மட்டும் வறண்டு அடித்தது. ஒவ்வொரு குவியலைச் சுற்றியும் நாலைந்து பெண்கள், முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கையாலும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கிள்ளுவதைப் பார்த்தால் விரல் தெரியாது. மிளகாய் ஒரு பக்கம் போகும், காம்பு மடியில் விழும், அவ்வளவுதான் தெரியும்.

நீலவ்வாவின் பக்கத்தில் வழக்கம்போல இரண்டு டப்பாக்கள் இருந்தன. சுற்றியிருந்த குவியல்களின் நாற்பது பெண்களில் யார் தும்மினாலும் சின்ன டப்பாவில் ஒரு காம்பு. யார் வேலையை நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாலும் பெரிய டப்பாவில் ஒரு காம்பு. சாயங்காலம் எண்ணி, சுவர் நாள்காட்டியில் அன்றைய தேதிக் கட்டத்துக்குள் இரண்டு எண்களையும் எழுதுவாள். தண்ணீர் தெளித்துக் கட்டிய மூட்டை பிரித்த நாளுக்கு ஒரு சுழி. அப்படி மூன்று வருடத்து நாள்காட்டிகள். கட்டுரையின் நான்காம் அட்டவணை அதுதான். அக்கா கற்றுக்கொடுத்த முறை அல்ல. அக்கா முதல்முறை போனபோதே டப்பாக்கள் இருந்தன. மேஸ்திரியிடம் சண்டை போட எண்ணிக்கை வேண்டுமே என்று அவளாக ஆரம்பித்தது.

"டீச்சரம்மா வந்தாச்சு! எழுந்திரிங்கடி, இடம் விடுங்க" என்றாள் நீலவ்வா. யாரும் எழவில்லை. எழுந்தால் குவியல் சரியும்.

அக்கா சாக்கின்மேல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். நான் என் தவறைச் சொன்னேன். அதற்குள் நான்கு தடவை தும்மினேன். நீலவ்வா என்னைப் பார்த்தபடியே சின்ன டப்பாவில் நான்கு காம்பு போட்டாள்.

"யவ்வா, உன்னையும் சேத்தாச்சு. சரி, அந்தச் சாரு யாரு? கட்டம்போட்ட சட்டை போட்டு ஒருத்தர் மிஷினோட வந்தாரே, அவரா?"

"அவர் லேப்காரர். இவரு துறைத்தலைவர்."

"இவரு எந்த வருஷம் வந்தாரு?"

"வரல்ல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "வராமலேயே இருமல் எண்ணிட்டாரா? பெரிய மந்திரவாதிதான்" என்றாள். வட்டம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு இருமலாக மாறியது. நீலவ்வா தயங்கிவிட்டு, "சிரிச்சு வந்த இருமலைச் சேத்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"சேத்துக்க வேண்டாம்" என்றார் அக்கா. இதைச் சொல்லும்போது அவருக்கும் கண்ணில் தண்ணீர். மிளகாயாக இருக்கலாம்.

கிளம்பும்போது நீலவ்வா கேட்டாள். "என் பேரை விட்டுக்குடுத்தா உங்களுக்குப் பெரிய வேலை கிடைக்குமா டீச்சர்? நேராச் சொல்லுங்க."

"கிடைக்கலாம்."

"அப்ப எடுத்துடுங்க. எனக்கு அந்தக் காகிதத்தால ரொட்டி சுட முடியாது."

"எனக்கு அது வேணும் நீலவ்வா. உன் பேரு வேணும். நாளைக்கு எவனாவது, இது காரத்தால வர்ற இருமல், இவளுகளுக்குப் பழகிப்போச்சுன்னு சொன்னா, இல்லேன்னு சொல்ல உள்ள உக்காந்திருந்த ஒரு ஆளு வேணும். நான் வெளியில நின்னு பாத்தவ."

நீலவ்வா கையை நிறுத்தவில்லை. ஐந்தாறு மிளகாய் போன பிறகு, "அப்ப சரி. இருக்கட்டும்" என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று தவறு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சார் நீலவ்வாவுக்குத் துறையின் ஜீப்பை அனுப்பியிருந்தார். எங்களுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு என்னைப் படிவத்தோடு வரச் சொன்னார். போனால், பெரிய மேசைக்கு எதிரே குஷன் நாற்காலியில் நீலவ்வா. நல்ல இல்கல் கைத்தறிச் சேலை. முன்னால் டீ, ஒரு தட்டில் தார்வாடு பேடா. பேடாவைத் தொடவில்லை.

"சொல்லும்மா கஸ்தூரி, அவங்களுக்குப் புரியற மாதிரி" என்றார் சார்.

நான் படிவத்தை வாசித்தேன். என் குரல் வெளியே வரவேயில்லை. இரண்டாம் பத்தியில் நீலவ்வா, "கொஞ்சம் கத்திப் படி யவ்வா. மில்லுல மட்டும்தான் கத்துவியா?" என்றாள். அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

வாசித்து முடித்ததும் சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"பாருங்க நீலவ்வா, உங்க உழைப்பை யாரும் மறுக்கல. நன்றின்னு தனியா ஒரு பகுதி இருக்கு, அதுல உங்க பேரு வரும். அடுத்த மாசம் துறை விழாவுல மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போத்தி, தலைப்பாகை வெச்சு, பழத்தட்டு குடுத்து கௌரவிப்போம். போட்டோ பேப்பர்ல வரும். ஆசிரியர்ங்கறது வேற விஷயம். நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டு எழுதுவான். பதில் சொல்லணும். உங்களால முடியுமா?"

"என்ன கேள்வி சார்?"

"ஏதாவது. ஆய்வைப் பத்தி."

"நீங்க கேளுங்களேன். சொல்றேனா பாக்கலாம்."

சார் சிரித்தார். பிறகு, கேட்காமல் விட்டால் நன்றாயிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, அச்சுப்படியைப் புரட்டினார். "சரி. இந்த நாலாவது அட்டவணையில ரெண்டாவது வருஷம், ஜனவரி கடைசியில ஒன்பது நாள் வெறுமனே இருக்கே, ஏன்?"

"எங்க ஓரகத்தி செத்துட்டா. நான் யார்டுக்குப் போகல. போகாத நாளுக்கு என்னத்தை எழுதறது?"

"வேற யாரையாவது எண்ணச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். அவ காலையில எண்ணினா, மத்தியானம் தூங்கிட்டா. எனக்குச் சந்தேகமாப் போச்சு. அடிச்சுட்டேன். டீச்சர்கூட, பாதி நாளையாவது வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

இந்த ஒன்பது நாள் விஷயத்தை இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிட்டவர் ஒருவரும் ஜனவரியில் கேட்டிருந்தார். அக்கா எழுதிய பதில் ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா சார்? தண்ணி தெளிச்ச மூட்டைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வியாபாரி சொல்ல மாட்டான்."

சார் பேனா மூடியைத் திருகினார். "ஈரப்பத மீட்டர் வெச்சு."

"மீட்டர் எங்க இருக்கு? மிளகாயைக் காதுகிட்ட வெச்சு ஆட்டணும். நல்லதுன்னா விதை சலசலங்கும். தெளிச்சதுன்னா பேசாது."

"நீலவ்வா, நான் உங்களைப் பரிட்சை வைக்கக் கூப்பிடல."

"நானும் உங்களுக்கு வைக்கல சார். பேசிக்கிட்டிருக்கோம்." அவள் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். "உங்க பேரு பெரிய பேரு. அதை எங்க வேணாப் போட்டுக்கலாம். என் பேரு ஓட்டர் லிஸ்டுலயும் ரேஷன் கார்டுலயும்தான் இருக்கு. மூணாவதா ஒரு இடத்துல வந்திருக்கு. அதை எடுக்கணும்னா, நான் சொன்னதையும் சேர்த்து எடுத்துடுங்க. எடுத்துட்டு மிச்சம் என்ன இருக்கோ அதுக்கு நீங்களே ஆசிரியரா இருங்க. சால்வை எதுக்கு? போத்திக்கிட்டு இருமவா?"

எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். "ஜீப் திரும்பக் கொண்டுவிடுமா, பஸ்ஸுக்குப் போகட்டுமா?"

சார் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

"ஜீப்புக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

நான்தான் அவளோடு பஸ் நிலையம்வரை நடந்து போனேன். சாயங்கால வகுப்பு போய்விட்டது. வழியில் நீலவ்வா, "அந்தப் பேடாவை எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம். பேரப்பிள்ளைக்கு ஆயிருக்கும்" என்றாள். லைன் பஜாரில் வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் அக்கா கோப்பைக் கொண்டுபோய் சார் மேசையில் வைத்தார். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. மேலே ஒரு வரி: 'வெளியீடு குறித்த தகராறு தீரும்வரை பரிந்துரைக்க இயலாது.'

அக்கா என் அறைக்கு வந்து பிரிண்டர் மேசைமேலேயே உட்கார்ந்தார். ஒரு நிமிடம் முகத்தைக் கையில் மூடிக்கொண்டார். பதினாறு வருடம் அவர் அங்கே பாடம் நடத்துகிறார். பிறகு கையை எடுத்தார்.

"கஸ்தூரி, முன்நகல்னு ஒண்ணு உண்டு இல்லையா?"

உண்டு. துறைத்தலைவர் வழியாகப் போக வேண்டிய கோப்பை அவர் நிறுத்தினால், 'முன்நகல்' என்று தலைப்பிட்டு நேராகப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளலாம். தேதிக்குள் வந்ததாக ஆகிவிடும். எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. செய்தால் அதற்குப் பிறகு அந்தத் துறையில் ஒரு தாளுக்குக்கூட எளிதாகக் கையெழுத்துக் கிடைக்காது.

"பண்ணிடலாமா மேடம்?"

"பண்ணிடலாம். அவர் எழுதின அந்த வரியையும் நகல் எடுத்து உள்ள வை. ஏன் நேரா வந்தேன்னு தெரியட்டும்."

நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது சிவயோகி அண்ணா வந்தார். உடம்பெல்லாம் மாவு. மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். கங்கவ்வா மூலமாக எப்படியோ செய்தி போய்விட்டது.

"திருப்பிட்டாரா?"

"திருப்பிட்டாரு. சொல்லுங்க, நான் சொன்னேனேன்னு சொல்லுங்க."

"அதைச் சொல்ல ஸ்கூட்டர்ல வரணுமா? வீட்டுலயே சொல்லியிருப்பேன்." கோப்பைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினார். கறுப்பு அட்டையில் ஐந்து வெள்ளை விரல்கள் பதிந்தன. "பதிவாளர் ஆபீஸ் ரெண்டாவது மாடிதானே? நான் தூக்கறேன். நடங்க."

"மாவோடயா வருவீங்க?"

"நான் என்ன திருடின மாவா பூசிக்கிட்டிருக்கேன்?"

தபால் வரவுப் பிரிவு எழுத்தர் கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார். மூன்று இருபதுக்கு.

அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஐந்து தடவை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பிய கடிதம் இவ்வளவுதான்: 'தொடர்பு முகவரியைத் தவறாக நிரப்பியது நான். ஆசிரியர் கேட்டுக்கொண்டது வேறு முகவரி. பெயர் மாற்றக் கோரிக்கையை ஆசிரியர்களுக்குத் தெரியாமல் அனுப்பியதும் நான். ஆசிரியர்கள் இருவரும் மாற்றத்துக்கு உடன்படவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்திருக்கிறேன். கஸ்தூரி பட்டணஷெட்டி, ஆய்வு வெளியீட்டு உதவிப் பிரிவு.' நீலவ்வாவின் கையெழுத்தை நேற்றே பஸ் நிலையத்தில் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி ஊர் திரும்பியதும் அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த தாள் என் பையில் இருந்தது.

நகல், இயக்குநருக்கு. நகல் போடாமல் அனுப்பினால் அது புகார் சொல்வது மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

தவறு: நேற்று முன்தினமும் நேற்றும் எழுதவில்லை.

இதழின் பதில் நேற்று வந்தது, அக்காவின் முகவரிக்கே. ஏற்றுக்கொண்டபடியே, ஏற்றுக்கொண்ட பெயர்களோடு அச்சிடுகிறோம். இன்று காலை இணையத்தில் வந்துவிட்டது. சுமங்கலா கடகோள், நீலவ்வா தளவார். இரண்டாவது பெயருக்குக் கீழே நிறுவனம் என்று கேட்ட இடத்தில் 'மிளகாய்க் காம்பு கிள்ளும் தொழிலாளி, கெஞ்சனகட்டி' என்று இருக்கிறது. அதை மாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். மாற்றவில்லை.

எனக்கு ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது. இயக்குநரின் அனுமதியின்றி வெளித்தொடர்பு கொண்டது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். என் ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அக்காவின் கோப்பு பதிவாளர் மேசையில் இருக்கிறது. அது நகருமா என்று எழுத்தருக்கும் தெரியாது. சார் இன்று துறைக் கூட்டத்தில் அக்காவுக்கு அடுத்த பருவத்தில் நான்கு முதலாண்டு வகுப்புகள் போட்டிருக்கிறார். "நாலும் நல்ல பசங்க" என்று அக்கா வாங்கிக்கொண்டு வந்தார்.

பத்திரிகைக் குறிப்பை நான் எழுதி வைத்திருந்தேன். சார் அதன் குறுக்கே 'அனுப்ப வேண்டாம்' என்று எழுதிவிட்டார். சாயங்காலம் அதை அக்காவிடம் காட்டினேன். மில்லில் கூட்டமில்லை. அண்ணா சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா நீலவ்வாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"வந்துடுச்சு நீலவ்வா. உன் பேரோட."

"அப்படியா? எங்க பாக்கறது?"

"போன்ல பாக்கலாம். இங்கிலீஷ்ல இருக்கு."

"இங்கிலீஷ்ல இருந்தா எங்களுக்கு எதுக்கு? இந்த நாப்பது பேரும் மூணு வருஷம் இருமினது அது. என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரிய வேண்டாமா? வந்து நம்ம பாஷையில படிச்சுக் காட்டுங்க டீச்சர். தப்பா இருந்தா இங்கேயே சொல்லிடுவோம்."

"பேப்பர்ல போட வேண்டாம்னுட்டாங்க" என்றேன் நான்.

"பேப்பர்ல போட்டா மேஸ்திரி படிப்பானா? இங்க வந்து படிச்சா நின்னு கேப்பான். வியாபாரியும் நாளைக்கு வர்றான். எல்லாரும் இருக்கறப்ப வாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "எத்தனை பக்கம் வரும்?"

"சுருக்கினா மூணு. இன்னைக்கே கன்னடத்துல எழுதிடறேன்."

"சுருக்காதே" என்றது போன். "எங்க இருமலை எதுக்குச் சுருக்கறே?"

நாளைக்கு: காலை ஆறேகால் ஹாவேரி பஸ். கன்னடப் படி இருபது. நான்காம் அட்டவணையைப் பெரிய தாளில் கையால் எழுதிக்கொள்ள வேண்டும், கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரிகிற அளவில். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா முதல் பாதியை வாசிப்பார், நீலவ்வா டப்பாக்களை வைத்து எண்ணிய முறையைச் சொல்வாள், மூட்டையில் தண்ணீர் தெளிக்கிற பகுதியை நான் வாசிக்க வேண்டும். கத்தி வாசிக்க வேண்டும்.